பேரலிலிருந்து கெட்டிப் பொருள் தள்ளும் காற்று பம்ப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரீஸ், சீலன்ட், ஆஃப்செட் மை, மாஸ்டிக் போன்றவை 200 லிட்டர் பேரலில் வரும். அவற்றை ஹோஸ் வழியே கன்னுக்கோ மெஷினுக்கோ தள்ளும் ராம் பம்ப் பற்றிய பக்கம் இது. மேலே ஏர் மோட்டார், கீழே பிஸ்டன் பம்ப், பேரலுக்குள் இறங்கும் வட்டத் தட்டு, அதை ஏற்றி இறக்கக் காற்றுச் சிலிண்டர் உள்ள இரண்டு கால் ஸ்டாண்டு (இதுதான் ராம்): இவ்வளவுதான் அமைப்பு. கீழே 'கிலோ' என்று சொல்லும் காற்றழுத்தம் எல்லாம் சதுர செ.மீ.க்கு இத்தனை கிலோ என்ற கணக்கு. உங்கள் மேனுவலில் வேறு எண் இருந்தால் மேனுவல் சொல்வதே சரி.

டயாஃபிரம் (ரப்பர் சவ்வு) பம்பும் காற்றில்தானே ஓடுகிறது? விலையும் குறைவு. அதையே போட்டால் என்ன?

பொருள் தானாக ஓடி வருமென்றால் தாராளமாகப் போடலாம். பேரலைத் திறந்து கரண்டியால் ஒரு குழி தோண்டிப் பாருங்கள். இட்லி மாவில் விழுவதுபோல் குழி கொஞ்ச நேரத்தில் தானாக மூடிக்கொண்டால் டயாஃபிரம் பம்ப் போதும். ஐந்து நிமிடம் கழித்தும் குழி அப்படியே நின்றால் போதாது.

எந்தப் பம்பும் பொருளை உண்மையில் 'இழுப்பது' இல்லை. உள்ளே வெற்றிடம் உண்டாக்கும். வெளியே இருக்கும் வளிமண்டலம் பொருளை உள்ளே தள்ளும். அந்த வளிமண்டலத்தின் பலம் மொத்தமே சுமார் 1 கிலோதான். கிரீஸ், சீலன்ட் போன்றவற்றை ஒரு குழாயின் வாய்க்குள் நகர்த்த அது பத்தாது. பம்பின் வாய்க்கு நேர் கீழே ஒரு பள்ளம் விழும், அதில் காற்று நிற்கும், பம்ப் வெறும் காற்றை அடிக்கும். அதனால்தான் ராம் பம்பில் தட்டு மேலிருந்து அழுத்துகிறது, பம்பின் அடியில் உள்ள ஷவல் பிளேட் ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலும் பொருளை வாரி உள்ளே ஏற்றுகிறது. டயாஃபிரம் பம்பில் இரண்டுமே கிடையாது. அழுத்தமும் அதில் 1:1 தான், 6 கிலோ காற்று கொடுத்தால் 6 கிலோதான் வெளியே வரும்.

50:1, 65:1 என்று பம்பில் எழுதியிருப்பது என்ன கணக்கு?

ஏர் மோட்டாரின் பிஸ்டன் பரப்புக்கும் கீழே பொருளைத் தள்ளும் பரப்புக்கும் உள்ள விகிதம். 50:1 பம்புக்கு 5 கிலோ காற்று கொடுத்தால், அவுட்லெட் மூடியிருக்கும்போது பொருளின் அழுத்தம் சுமார் 250 கிலோ. ரெகுலேட்டரை 1 கிலோ ஏற்றுவது பம்பை ஓட்டுபவருக்குச் சின்ன விஷயமாகத் தெரியும். ஹோஸுக்கு அது 50 கிலோ. ஹோஸ், கன், ஃபிட்டிங் மூன்றில் எது குறைந்த அழுத்தம் தாங்குமோ அதுதான் உங்கள் லைனின் உச்சவரம்பு.

அதே விகிதம் காற்றுச் செலவையும் சொல்லிவிடும். 50:1 பம்ப் நிமிடத்துக்கு 1 லிட்டர் பொருள் தள்ள, 5 கிலோ அழுத்தத்தில் 50 லிட்டர் காற்று வேண்டும். கம்ப்ரசர் உறிஞ்சும் சாதாரண காற்றாகக் கணக்கிட்டால் அதன் ஆறு மடங்கு, அதாவது 300 லிட்டர், ஏறக்குறைய 10.6 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடி). பம்ப் திணறுகிறது என்று பெரிய பம்ப் வாங்குவதற்கு முன், ஓடும்போது ஏர் கேஜ் எவ்வளவு விழுகிறது என்று பாருங்கள். நிற்கும்போது 6 காட்டி, ஓடும்போது 3-க்கு விழுந்தால் குறை பம்பில் இல்லை. கம்ப்ரசரிலோ அரை இஞ்ச் ஏர் லைனிலோ இருக்கிறது.

ராமுக்கு எவ்வளவு காற்று வைப்பது? கூட்டினால் பொருள் வேகமாக வருமா?

வராது. 200 லிட்டர் பேரலின் உள்விட்டம் சுமார் 571 மி.மீ. அதனால் தட்டின் பரப்பு ஏறத்தாழ 2,560 சதுர செ.மீ. ஸ்டாண்டில் 3 இஞ்ச் சிலிண்டர் இரண்டு இருந்து 3 கிலோ காற்று வைத்தால், கீழ்நோக்கி வரும் விசை சுமார் 270 கிலோ. அந்தப் பரப்பில் பரவினால் பொருளின் மேல் விழுவது சதுர செ.மீ.க்கு 0.1 கிலோ, பம்பின் எடையைச் சேர்த்தாலும் கால் கிலோ தேறாது. ராமின் வேலை பொருளை வெளியே தள்ளுவது அல்ல, தட்டுக்கும் பொருளுக்கும் நடுவே இடைவெளி விழாமல் கூடவே இறங்குவது.

பெரும்பாலான பொருளுக்கு 2 முதல் 3 கிலோ போதும். மிகவும் கெட்டியானதற்கு 4. அதற்கு மேல் கூட்டினால் தட்டின் ஓரத்து வைப்பர் ரப்பர் மடங்கி, பொருள் பக்கவாட்டில் பிதுங்கித் தட்டின் மேல் ஏறும். தட்டின் மேல் பொருள் தேங்கிக் கிடந்தால் முதலில் ராம் ரெகுலேட்டரைப் பாருங்கள், பிறகு வைப்பரை.

பேரல் மாற்றும் சரியான முறை என்ன?

இந்தப் பம்புக்கு வரும் வியாதிகளில் பெரும்பங்கு பேரல் மாற்றும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் ஏறுகிறது.

காலி பேரலிலிருந்து தட்டைத் தூக்குவதிலிருந்து தொடங்குவோம். பம்ப் மோட்டாரின் காற்றை மூடுங்கள். பேரல் கிளாம்ப் இறுகியிருக்கிறதா பாருங்கள். ராம் கைப்பிடியை 'மேல்' நிலையில் வைத்தால் தட்டு ஏறும். ஆனால் அடியில் வெற்றிடம் உண்டாகிப் பேரலையும் சேர்த்துத் தூக்கப் பார்க்கும். அதற்காகத்தான் புளோ-ஆஃப் பட்டன்: தட்டுக்கு அடியில் காற்றை அனுப்பி வெற்றிடத்தை உடைக்கும். பட்டனைக் கொஞ்சம் அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்துங்கள்; பிடித்துக்கொண்டே இருக்காதீர்கள். தட்டுக்கு அடியில் 1 கிலோ காற்று நின்றால், 2,560 சதுர செ.மீ. பரப்பில் அது இரண்டரை டன் விசை. பேரலின் அடித்தகடு வெளியே உப்புவதும் தையல் பிரிவதும் இதனால்தான். பிளாஸ்டிக் பேரலிலும் நசுங்கிய பேரலிலும் புளோ-ஆஃப் வேண்டவே வேண்டாம். தட்டு பேரலின் விளிம்பை நெருங்கும்போது பட்டனை விட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் மிச்சப் பொருள் முகத்தில் தெறிக்கும்.

புதிய பேரலின் மூடியைத் திறந்ததும் உள்சுவரைக் கையால் தடவிப் பாருங்கள். விரல் நுழையும் அளவு நசுங்கல் இருந்தால் அந்தப் பேரலைத் திருப்பி அனுப்புங்கள். வைப்பர் அந்த இடத்தைத் தாண்டும்போது கிழியும், அல்லது அந்த வழியாகக் காற்று உள்ளே போகும். பாலித்தீன் உறை உள்ள பேரல் என்றால் உறையை வெளியே மடித்து விளிம்பில் டேப் போட்டு இறுக்குங்கள். உறையின் ஒரு துண்டு ஷவலில் சிக்கினால் பம்பைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும்.

பொருளின் மேற்பரப்பு நடுவில் மேடாகவும் ஓரத்தில் பள்ளமாகவும் இருந்தால் கரண்டியால் மட்டப்படுத்துங்கள். ஏடு கட்டியிருந்தால் வாரி எறியுங்கள். வைப்பருக்குப் பொருளோடு ஒத்துப்போகும் மசகு தடவுங்கள். கார் பெயின்ட் ஷாப்பில் சிலிக்கான் கிரீஸ் கூடவே கூடாது; கொஞ்சம் பட்டாலும் பெயின்டில் மீன்கண் மாதிரிப் பள்ளம் விழும்.

இப்போது தட்டில் இருக்கும் பிளீட் துளையின் அடைப்பானைக் கழற்றிவிட்டு, ராமை மெதுவாக இறக்குங்கள். சிக்கிய காற்று அந்தத் துளை வழியாகத்தான் வெளியே வர வேண்டும். முதலில் உஸ்ஸென்று காற்று, பிறகு குமிழோடு பொருள், கடைசியில் குமிழில்லாத பொருள் நூலாக வரும். அந்த நூல் வந்த பிறகே அடைப்பானைப் போடுங்கள். துளை அடைத்திருந்தால் கம்பியால் குத்திச் சுத்தம் செய்துவிட்டு இறக்குங்கள். கையைத் தட்டுக்கும் பேரல் விளிம்புக்கும் நடுவே ஒருபோதும் நீட்டாதீர்கள்.

கடைசியாக, மோட்டாருக்கு ஒன்று, ஒன்றரை கிலோ மட்டும் கொடுத்து, கன்னைக் கழிவு வாளிக்குள் திறந்து வைத்து, தும்மல் இல்லாமல் பொருள் வரும்வரை மெதுவாக ஓட்டுங்கள்.

மோட்டார் படபடவென்று அடிக்கிறது, பொருள் வரவில்லை. ஏர் பிரஷரைக் கூட்டலாமா?

கூட்டக் கூடாது. முதலில் ஏரை மூடுங்கள். பம்பில் சுமை இல்லாததால்தான் அது பறக்கிறது; பொருள் இல்லாமல் உலர்ந்து ஓடினால் பேக்கிங் (கசிவைத் தடுக்கும் வளையம்) சூடேறித் தேயும்.

காரணங்களை இந்த வரிசையில் பாருங்கள். பேரல் காலியா? தட்டுக்கு அடியில் காற்று சிக்கியிருக்கிறதா? ராம் கைப்பிடி 'கீழ்' நிலையில் இல்லாமல் நடுவில் நிற்கிறதா? நடுவில் நின்றால் தட்டு இறங்காது, பம்ப் கொஞ்ச நேரம் ஓடிவிட்டுக் குழி பறித்துக்கொள்ளும். வைப்பர் கிழிந்து, தட்டின் ஓரமாகக் காற்று இறங்குகிறதா?

இவை எதுவும் இல்லையென்றால் பொருள் குளிர்ந்து இறுகியிருக்கலாம். ஓசூரில் டிசம்பர் காலையில் முதல் ஷிப்டுக்கு மட்டும் வரும் தொல்லை இது; மதியம் தானாகச் சரியாகும். முந்தைய நாளே பேரலை வெதுவெதுப்பான இடத்தில் கொண்டு வந்து வையுங்கள். பேரல் ஹீட்டர் பெல்ட் போடுவதானால் பொருளின் டேட்டா ஷீட்டில் உள்ள வெப்ப வரம்பைத் தாண்ட வேண்டாம். சில சீலன்ட் சூட்டில் பேரலுக்குள்ளேயே இறுகிவிடும்.

ஆள் பக்கத்தில் இல்லாமல் ஓடும் பம்புக்கு ரன்அவே வால்வு ஒன்று போட்டுவிடுங்கள். வேகம் எல்லை மீறினால் ஏரை அதுவே அறுத்துவிடும்.

ஒரு ஸ்ட்ரோக் மெதுவாக, அடுத்த ஸ்ட்ரோக் சட்டென்று போகிறது. எதைக் கழற்றுவது?

கழற்றுவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள், பாதி வேலை மிச்சம். மோட்டாருக்கு 2 கிலோ காற்று மட்டும் வையுங்கள். ராடு மேலே போகும்போது பாதி வழியில் கன்னை மூடுங்கள். ராடில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு ஒரு நிமிடம் பாருங்கள். பிறகு கீழே இறங்கும்போதும் அதேபோல் நிறுத்திப் பாருங்கள். நல்ல பம்ப் இரண்டிலும் நின்ற இடத்தில் நிற்கும்.

கீழ் ஸ்ட்ரோக்கில் மட்டும் நழுவினால் ஃபுட் வால்வு (பம்பின் அடிவாயில் உள்ள வால்வு) பிடிக்கவில்லை. பொருள் பேரலுக்கே திரும்புகிறது. கட்டி தட்டிய பொருளோ, பாலித்தீன் துணுக்கோ, சீட் தேய்மானமோ காரணமாக இருக்கும். மேல் ஸ்ட்ரோக்கில் மட்டும் நழுவினால் பிஸ்டன் வால்வு அல்லது பிஸ்டன் பேக்கிங். இரண்டிலும் நழுவினால் இரண்டும் போய்விட்டன, அல்லது பம்புக்குள் காற்று இருக்கிறது. இன்னொரு முறை பிளீட் செய்துவிட்டுச் சோதியுங்கள். வெளியே எங்கும் லீக் இல்லை என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள், ஹோஸ் ஜாயிண்ட்டில் கசிந்தாலும் ராடு நகரும்.

சீலன்ட் கோட்டில் அவ்வப்போது 'டப்' என்று ஓட்டை விழுந்தால் அது வால்வு கோளாறு அல்ல, காற்றுக் குமிழ். ஸ்ட்ரோக் மாறும்போதெல்லாம் கோடு ஒரு கணம் மெலிந்தால் அது வால்வு மெதுவாக மூடுவது. இரண்டையும் குழப்பிக்கொண்டு பம்பைப் பிரித்தால் பிரித்ததுதான் மிச்சம்.

மோட்டார் நின்றே விட்டது. ஏர் வருகிறது, அசைவில்லை.

கன் மூடியிருந்தால் நிற்பது இயல்பு. கன்னைத் திறந்தும் நின்றால் அடைப்பு பம்புக்குப் பிறகா, பம்பிலா என்று பிரியுங்கள்: அழுத்தத்தை முழுக்க இறக்கிவிட்டு (முறை கீழே), பம்ப் அவுட்லெட்டில் ஹோஸைக் கழற்றி, ஒரு கிலோவுக்கும் குறைவான காற்றில் ஓட்டிப் பாருங்கள். ஓடினால் ஹோஸோ ஃபில்டரோ கன்னோ இறுகிவிட்டது. ஓடாவிட்டால் பம்புக்குள் பொருள் கெட்டியாகிவிட்டது, அல்லது ஏர் மோட்டாரின் ஸ்பூல் (காற்றை மேலுக்கும் கீழுக்கும் மாற்றிவிடும் வால்வு) நடுவில் மாட்டிக்கொண்டது. சைலன்சர் வழியாகக் காற்று நிற்காமல் சீறினால் ஸ்பூலோ ஏர் பிஸ்டனின் ஓ-ரிங்கோதான்.

நம்மூர் வெயிலில் சைலன்சரில் ஐஸ் கட்டுமா?

கட்டும். அழுத்தக் காற்று சட்டென்று விரியும்போது வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே போகிறது. காற்றில் உள்ள ஈரம் வெளியேறும் வழியிலேயே உறைகிறது. கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் இன்னும் மோசம். அறிகுறி: காலையில் நன்றாக ஓடி, தொடர்ந்து அரை மணி ஓடிய பிறகு மெதுவாகி நின்று, பத்து நிமிடம் ஓய்வு கொடுத்தால் மறுபடி ஓடும். கம்ப்ரசர் டேங்கிலும் ஃபில்டர் கிண்ணத்திலும் தினமும் நீர் வடியுங்கள், ஏர் டிரையர் போடுங்கள், மோட்டார் அழுத்தத்தை முடிந்தவரை குறையுங்கள். சைலன்சரைக் கழற்றி எறிவது தீர்வு அல்ல. சத்தம் காதைக் கெடுக்கும்.

ஏர் மோட்டாருக்கு ஆயில் விட வேண்டுமா?

இப்போது வரும் மோட்டார்களில் பெரும்பாலும் தேவையில்லை. ஆனால் லூப்ரிகேட்டரோடு ஓட்டத் தொடங்கிவிட்டால் இடையில் நிறுத்தாதீர்கள். ஆயில் உள்ளே இருந்த கிரீஸைக் கழுவியிருக்கும்.

ராடைச் சுற்றியுள்ள கிண்ணத்தில் என்ன ஊற்றுவது?

அது வெட் கப். மேலே வரும் ராடில் ஒட்டிய பொருள் காய்ந்து, அடுத்த ஸ்ட்ரோக்கில் அரத்தூள்போல் பேக்கிங்கை அறுக்காமல் இருக்கவே அது இருக்கிறது. பாதிக்கு மேல் நிரம்பியிருக்க வேண்டும். தினமும் முதல் வேலை அதைப் பார்ப்பது. பொதுவாகப் பம்ப் கம்பெனி தரும் த்ரோட் சீல் திரவம் போதும். பாலியூரிதேன் சீலன்ட் ஈரம் பட்டால் இறுகும், அதற்குப் பிளாஸ்டிசைசர் வகை திரவம்தான் வேண்டும். மைக்கும் கிரீஸுக்கும் சுத்தமான கனிம எண்ணெய் ஒத்துப்போகும்.

திரவத்தில் பொருளின் நிறம் ஏறுகிறதென்றால் மேல் பேக்கிங் கசிகிறது. ஏரை மூடி, அழுத்தத்தை இறக்கிய பிறகு பேக்கிங் நட்டை மேனுவலில் உள்ள டார்க் (இறுக்கு விசை) அளவுக்கு இறுக்குங்கள். அதற்கு மேல் ஒரு சுற்று இறுக்கினால் கசிவு ஒரு வாரம் நிற்கும். பேக்கிங் அதற்குள் கருகிவிடும். இறுக்கியும் நிறம் ஏறினால் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

ஹோஸ் முக்கால் இஞ்சா, ஒரு இஞ்சா?

நீளம் கூடக் கூட ஒரு இஞ்ச். ஹோஸில் அழுத்த இழப்பு உள்விட்டத்தின் நான்காம் அடுக்கில் மாறும்: முக்காலிலிருந்து ஒன்றுக்குப் போனால் இழப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. கிரீஸ், சீலன்ட் போன்றவை தள்ளும்போது இளகுவதால் லாபம் அந்த அளவு முழுசாகக் கிடைக்காது, ஆனாலும் பெரிய வித்தியாசம். கன் அருகே கடைசி ஒன்றிரண்டு மீட்டர் மட்டும் சின்ன ஹோஸ் போட்டால் கை வலிக்காது.

ஷிப்ட் முடிந்ததும் எப்படி நிறுத்துவது?

ராடு கீழ்க்கோடியில் இருக்கும்போது நிறுத்துங்கள். மேலே நீட்டிக்கொண்டு நின்றால் அதில் ஒட்டியது இரவெல்லாம் காயும். பிறகு:

1. பம்புக்குப் போகும் ஏர் வால்வை மூடுங்கள். அது உள்ளே சிக்கிய காற்றையும் வெளியேற்றும் வகை வால்வாக இருக்க வேண்டும்.
2. கன்னை எர்த் செய்த இரும்பு வாளியின் விளிம்பில் அழுத்தி வைத்து டிரிக்கரை இழுங்கள்.
3. டிரெயின் வால்வை வாளிக்குள் திறந்து, அடுத்த முறை ஓட்டும்வரை திறந்தே விடுங்கள்.
4. அப்போதும் அழுத்தம் இறங்கவில்லை என்ற சந்தேகம் இருந்தால், ஹோஸ் ஜாயிண்ட்டின் மேல் துணியைச் சுற்றி நட்டை மிக மெதுவாகத் தளர்த்துங்கள். சீறல் முழுக்க நின்ற பிறகே கழற்றுங்கள்.

தட்டைப் பொருளின் மேலேயே விட்டுவிடுங்கள். அதைவிட நல்ல மூடி கிடையாது.

கழுவ எந்தச் சால்வென்ட்?

பொருள் தயாரிப்பாளர் சொல்வதை. மெத்திலீன் குளோரைடு போன்ற குளோரின் சேர்ந்த சால்வென்ட் மட்டும் வேண்டாம். பம்பில் அலுமினியப் பாகம் இருந்தால் அழுத்தத்தில் வினைபுரிந்து வெடிக்கக்கூடும். சால்வென்ட் ஓடும்போது பம்ப், பேரல், வாளி மூன்றுக்கும் எர்த் ஒயர் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் வாளியில் சால்வென்ட் பீய்ச்சினால் நிலைமின் பொறியிலேயே தீப்பிடிக்கலாம்.

கசிவு கையில் பட்டுவிட்டது, சின்னப் புள்ளிதான். மருந்து போட்டால் போதுமா?

போதாது. உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போங்கள். 200 கிலோ அழுத்தத்தில் வரும் இழை தோலைத் துளைத்துத் திசுக்களுக்குள் பரவிவிடும். வெளியே ஊசி குத்தியதுபோல் இருக்கும், வலியும் முதலில் அதிகம் தெரியாது. தாமதித்தால் விரலையே இழக்க நேரும். டாக்டரிடம் 'வெட்டுக்காயம்' என்று சொல்லாதீர்கள். 'உயர் அழுத்தத்தில் சீலன்ட் உள்ளே ஏறிவிட்டது' என்று சொல்லி, பொருளின் பாதுகாப்புத் தாளையும் கையோடு கொண்டு போங்கள். லீக்கைக் கையாலோ துணியாலோ அடைக்கப் பார்ப்பதால்தான் இந்தக் காயம் வருகிறது.

ஓவராலிங்கில் என்னென்ன மாற்ற வேண்டும்?

மேல் பேக்கிங், பிஸ்டன் பேக்கிங், ஓ-ரிங் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுங்கள். பம்ப் பிரிந்திருக்கும்போது பழையதை மறுபடி போடுவதில் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை. வால்வு சீட்டை வெளிச்சத்தில் பாருங்கள், பள்ளமோ வரியோ இருந்தால் மாற்றுங்கள். ராடில் நகத்தை ஓட்டிப் பாருங்கள்: நகம் தடுக்கினால் புதுப் பேக்கிங் சில வாரங்கூடத் தாங்காது, ராடையும் மாற்றுங்கள். சிலிண்டர் உள்சுவருக்கும் அதே சோதனை. சுண்ணாம்புத் தூள் கலந்த சீலன்ட் ஓட்டுபவர்களுக்கு இந்தத் தேய்மானம் சீக்கிரம் வரும்.

'வி' வடிவப் பேக்கிங்கின் உதடு அழுத்தம் வரும் பக்கம் பார்த்திருக்க வேண்டும். மேல் பேக்கிங்கில் அது கீழ்நோக்கி. தலைகீழாகப் போட்டால் எவ்வளவு இறுக்கினாலும் கசியும். தோல் பேக்கிங் இருந்தால் போடுவதற்கு முன் எண்ணெயில் நன்றாக ஊறவிடுங்கள். புதுப் பேக்கிங் ஒரு நாள் ஓடியதும் கொஞ்சம் அமுங்கும், மறுநாள் காலை அழுத்தத்தை இறக்கிவிட்டு நட்டை ஒருமுறை டார்க் பார்த்துவிடுங்கள்.

பேரல் அடியில் மிஞ்சுவதைக் குறைக்க வழி?

தட்டையான அடியுள்ள தட்டு, நசுங்காத பேரல் இரண்டும் இருந்தால் சில கிலோவோடு முடியும். மிச்சத்தைக் கரண்டியால் வாரி அடுத்த பேரலில் போடுகிறவர்கள் உண்டு. அதோடு காற்றும் குப்பையும் சேர்ந்தே போகின்றன.